முன்மொழிபவரின் பெயர்

ஈஸ்ட் ஹாம்
8.2.2026

அன்புள்ள அண்ணைக்கு,

பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதத் தொடங்கிறன். ரெலிபோனிலை உங்கடை மகளின்ர பேரை எடுத்தவுடனை "சரி, பிறகு கதைப்பம்" என்று வைச்சுப்போடுறியள். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. கிழிக்கலாம். ஆனால் பழைய கரண்ட் பில்லையே கிழிக்காத ஆள் நீங்கள், தங்கச்சியின்ர எழுத்தையோ கிழிக்கப் போறியள்.

விஷயத்துக்கு வாறன். தாரகாவைக் கட்சிக்காரர் தெரிவு செய்துபோட்டினம். மே மாதம் கவுன்சில் எலெக்சன். அவள் நிக்கிறது ஹரோவிலை, நீங்கள் இருக்கிற அதே வட்டாரத்திலை. உங்கடை வாசலுக்கும் அவளின்ர நோட்டீஸ் வரும். வேறை ஆரும் சொல்லி அறியக்கூடாது என்றுதான் முதலே எழுதிறன்.

போன ஞாயிறு அவளும் மெலனியும், தேர்தல் முகவர் பிரதாபனும் இங்கை வந்தவை. இவர் கதவைத் திறந்து "கவுன்சிலர் அம்மா வாங்கோ" என்று பகிடி விட்டார். "இன்னும் ஆகேல்லை மாமா, சோறு போட்டால் யோசிக்கிறன்" என்றாள். சாப்பிட்டு முடியத்தான் சொன்னாள், தமிழ் நோட்டீஸை நான் எழுதித் தரவேணுமாம். நான் எங்கை படிச்சனான்? பள்ளிக்கூடத்தை இடையிலை விட்டுப்போட்டுக் கோயில் புத்தகமும் பேப்பரும் வாசிச்சுப் பிடிச்ச தமிழ். "அந்தத் தமிழ்தான் மாமி வேணும். படிச்ச ஆக்கள் எழுதினால் ஒருத்தருக்கும் விளங்காது" என்றாள்.

இங்கிலிஷ் நோட்டீஸின்ர கடைசி வரியிலை மெலனியைப் பற்றி இருக்கு. பிரதாபன் சொன்னான், தமிழிலை அது தேவையில்லை, எங்கடை சனம் முகத்தைச் சுழிக்கும் என்று. தாரகா தண்ணிக் கிளாசை வைச்சுப்போட்டு, "வெள்ளைக்காரருக்கு ஒரு தாரகா, தமிழருக்கு வேறை தாரகாவோ? வென்ற பிறகு தெரிஞ்சால் ஏமாத்தினவள் எண்டு சொல்லுவினம். இப்பவே தெரியட்டும்" என்றாள். நான் எழுதினன்: "துணைவி மெலனியுடன் இவ்வட்டாரத்தில் வசிக்கிறார்." மூண்டு தரம் எழுதி எழுதி வெட்டினன். பொய் சொல்லமாட்டன். நாலாந்தரம் வெட்டேல்லை.

இனி, நான் கேக்க வந்தது. வேட்புமனுவிலை முன்மொழிய ஒராள், வழிமொழிய ஒராள், ரெண்டு பேர் கையெழுத்து வைக்கவேணும். ரெண்டு பேருக்கும் அந்த வட்டாரத்திலை வோட்டு இருக்கவேணும். வழிமொழிய ஆள் இருக்கு. எனக்கு அங்கை வோட்டு இருந்திருந்தால் உங்களிட்டைக் கேட்டிருக்கவே மாட்டன். முன்மொழிபவர் என்ற இடத்திலை உங்கடை பேர் வரவேணும் அண்ணை. அவள் என்னைக் கேக்கச் சொல்லேல்லை. தானும் கேக்கமாட்டாள், அவளுக்கும் உங்கடை மூக்கும் ரோசமும்தானே.

அவையின்ர கலியாணப் பதிவு எழுத்துக்கு நீங்கள் வரேல்லை. அண்டைக்கு முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு நிண்டவள். மச்சாள் உயிரோடை இருந்திருந்தால் உங்களைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திருப்பா. இதுக்காவது வாங்கோ.

உங்கடை,
நகுலா

ஹரோ
18.2.2026

அன்புள்ள நகுலா,

உன் கடிதம் சிவராத்திரிக்கு முதல்நாள் கிடைத்தது. கோயில் வேலைகளால் உடனே பதில் எழுத முடியவில்லை. கிழிக்கவில்லை.

தாரகாவை வீட்டைவிட்டுப் போ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கவுன்சிலராக வருவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஈரம் பிடித்த கவுன்சில் வீடுகளில் இருக்கும் எங்கள் சனத்துக்கு அவள் கடிதம் எழுதிக் கொடுத்ததும், கூடவே போய் நின்று கதைத்ததும் எனக்குத் தெரியும். கோயிலில் வந்து சொல்வார்கள், "உங்கடை மகள்தான் செய்து தந்தவ" என்று. நான் தலையாட்டுவேன்.

ஆனால் அந்த ஒரு வரி எதற்கு? நான் யாரோடு வசிக்கிறேன் என்று என் வாழ்நாளில் எவருக்கும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்ததில்லை.

முன்மொழிபவரின் பெயரை எல்லாரும் பார்க்கக் கவுன்சில் அறிவித்தல் பலகையில் போடும். எங்கள் நிர்வாக சபையின் செயலாளர் நித்தியானந்தனை உனக்குத் தெரியும். அதைப் படம் எடுத்துக் கோயில் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் அன்று தேநீர் குடிப்பார். நான் அந்தச் சபையின் தலைவர். இந்த நாட்டுக்கு ஒரு பையோடு வந்து, பெற்றோல் ஸ்ரேஷனில் நின்று, பிறகு கந்தோர் உத்தியோகத்துக்குப் போய், மெல்ல மெல்லச் சேர்த்த மரியாதை அது. எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அந்தப் பிள்ளை மெலனி, செபமாலைமுத்துவின் மகள், எங்கள் பக்கத்து பஸ் ஓட்டுகிறாள். போன கிழமை மழைக்குள் நின்றேன். பஸ் வந்து கதவு திறந்தது. "ஏறுங்கோ அங்கிள்" என்றாள். அடுத்ததில் வருகிறேன் என்று சொன்னேன். அவள் கதவை உடனே பூட்டவில்லை. அடுத்த பஸ் வரச் சுணங்கிவிட்டது. இப்போது தடிமன்.

என் பெயரைத் தர ஏலாது. வேறு யாரையும் பார்க்கச் சொல்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் குளிருக்குள் அலையாதே.

அண்ணை

ஈஸ்ட் ஹாம்
3.3.2026

அன்புள்ள அண்ணைக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சியளோ? பஸ்ஸிலை ஏறியிருந்தால் அதுவும் தேவைப்பட்டிராது.

நோட்டீஸ் அடிச்சதில்லை என்று எழுதியிருக்கிறியள். அப்ப உங்கடை கலியாணத்துக்கு அடிச்சது என்ன? சைக்கிளிலை வீடு வீடாய்க் கொண்டுபோய்க் குடுத்தது நான். இன்னாரின் மகன் இன்னாரின் மகளோடை வசிக்கப் போறார் என்று பவுண் நிறத்திலை எழுதி, மூலைக்கு மஞ்சளும் பூசி. ஊரிலை ஒருத்தரும் "இது எதுக்கு" என்று கேக்கேல்லை.

குளிருக்குள் அலையாதை என்றியள். சனிக்கிழமைகளிலை உங்கடை பக்கம்தான் அலையிறன். ரெயின் மாறி மாறி வந்து தாரகாவோடை வீடு வீடாய்ப் போறன். இங்கிலிஷ் கதைக்கிற வீட்டிலை அவள் கதைப்பாள், தமிழ் வீட்டிலை நான் தொடங்கிவிடுவன்.

இதிலை ஒரு பிழை நடந்துபோச்சு. நீங்கள் வேறை இடத்திலை கேள்விப்படமுதல் சொல்லுறன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடை எப்படிப் போறது? அம்மா எங்களை அப்படி வளர்க்கேல்லை. விடியவே எழும்பி உழுந்து வடை சுட்டு, ரெண்டு ரெண்டாய்ப் பேப்பரிலை சுத்தி, நோட்டீஸோடை சேர்த்துக் குடுத்தன். சனம் நல்லாய்க் கதைச்சுது. தாரகா ரோட்டின்ர மற்றப் பக்கம் நிண்டதாலை அவளுக்குத் தெரியாது. நான் கணக்கு எழுதிற ஆள்தானே, எந்த வீட்டுக்கு எத்தனை வடை, என்ன சொன்னவை என்று ஒழுங்காய்க் கொப்பியிலை எழுதிப் பின்னேரம் பிரதாபனிட்டைக் குடுத்தன். மெச்சுவான் என்று நினைச்சன். அவனுக்கு முகம் வெளிறிப்போச்சு.

வோட்டுக்காரருக்குச் சாப்பாடு குடுத்து வோட்டுக் கேக்கிறது இந்த நாட்டிலை குற்றமாம். "மாமி, இது லஞ்சம் எண்டு கேஸ் போடலாம். அதுக்குச் சாட்சியையும் நீங்களே எழுதித் தந்திருக்கிறியள்" என்றான். வடை லஞ்சமோ? தாரகா சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையிலை இருந்திட்டாள். பிறகு சிரிப்பை நிப்பாட்டி, "மாமி, எங்களிலை பிழை பிடிக்கத்தான் கொஞ்சப்பேர் பார்த்துக்கொண்டிருக்கினம். மற்றவைக்கு மன்னிக்கிறதை எனக்கு மன்னிக்கமாட்டினம்" என்றாள். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. கட்சிக்காரரிட்டைச் சொல்லி, இனிமேல் இல்லை என்று எழுதிக் குடுத்திருக்கு. நித்தியானந்தன் எங்களுக்கு "வடைக் கட்சி" என்று பேர் வைச்சிருக்கிறாராம்.

இன்னொரு விஷயமும் சொல்லவேணும். ஒரு வீட்டிலை எங்கடை வயசிலை ஒரு பொம்பிளை. நோட்டீஸைக் கடைசி வரை வாசிச்சா. வாசிச்சுப்போட்டுக் கதவை வடிவாய்ச் சாத்தி, வெளியிலை வந்து நிண்டு, மெல்லமாய்க் கேட்டா, "இன்னும் ஒண்டு தருவியளோ? மகன் யூனிவசிற்றியிலை. அவனுக்கு அனுப்பவேணும்." தாரகாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கன நேரம் நிண்டா.

அந்த ஒரு வரி எதுக்கு என்று கேட்டியள். அதுக்குத்தான் அண்ணை.

நகுலா

ஹரோ
11.3.2026

அன்புள்ள நகுலா,

உன் கடிதத்தைக் குசினி அடுப்படியில் நின்றபடி வாசித்தேன். கன காலத்துக்குப் பிறகு தனியே நின்று சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கும்.

அந்த வடைப் பொட்டலம் ஒன்று என் வாசலிலும் இருந்தது. மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நோட்டீஸை மேசையில் வைத்துவிட்டு வடையைச் சாப்பிட்டேன். சட்டப்படி பார்த்தால் நானும் லஞ்சம் வாங்கியவன். உப்புக் கொஞ்சம் கூட.

பயப்படாதே. நீ வோட்டை விலைக்கு வாங்கவென்று கொடுக்கவில்லை என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் இனி அந்த வீடுகளுக்குப் போய் "நான் தந்ததை மறந்துவிடுங்கோ" என்று சொல்லித் திரியாதே. உன்னை எனக்குத் தெரியும், அதுதான் சொல்கிறேன்.

கலியாணக் கார்ட்டைப் பற்றி எழுதியிருந்தாய். பெட்டியில் தேடி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மூலையில் மஞ்சள் இன்னும் தெரிகிறது.

நோட்டீஸில் அவளின் படம் நன்றாக வந்திருக்கிறது. அம்மாவின் சிரிப்பு. மேசையிலேயே கிடக்கிறது.

பெயரை மட்டும் கேளாதே.

அண்ணை

ஈஸ்ட் ஹாம்
22.3.2026

அண்ணைக்கு,

இது நீளமாய் இராது.

நேற்றுச் செல்வரத்தினம் அண்ணையின்ர வீட்டுக்குப் போனம். உங்கடை சபையிலை இருக்கிறவர்தானே, மரியாதையாய்க் கதைப்பார் என்று நினைச்சுப் போனம். தாரகா தன்னைச் சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிப்பாட்டினார். "தங்கச்சி, போன சபைக் கூட்டத்திலை நித்தியானந்தன் உங்களை இனிக் கோயில் மேடையிலை ஏத்தக்கூடாது எண்டு சொன்னவர். உங்கடை அப்பா முன்னுக்கு இருந்தவர். வாயே திறக்கேல்லை. பெத்த தகப்பனே உங்களோடை இல்லை, நான் எதுக்கு வோட்டுப் போடவேணும்?"

எல்லாக் கதவிலையும் எல்லாக் கேள்விக்கும் அவளிட்டைப் பதில் இருக்கும். குப்பை எடுக்கிறது, வாடகை, வீட்டு ஈரம், ஏன் பொம்பிளையைக் கட்டினனீ என்றதுக்குக்கூட. இதுக்கு இருக்கேல்லை. "நன்றி அங்கிள்" என்று சொல்லிப்போட்டு நடந்தாள். ரோட்டு முடியுமட்டும் மிச்ச வீடுகளுக்கும் நோட்டீஸ் போட்டாள். பிறகு, "அவர் சொன்னதிலை பிழையில்லைத்தானே மாமி" என்றாள்.

கூட்டம் நடந்தது நீங்கள் வடையைப் பற்றிச் சிரிச்சு எழுதமுதல். எனக்கு அதை எழுதேல்லை.

இனி நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கமாட்டன்.

நகுலா

ஹரோ
29.3.2026

அன்புள்ள நகுலா,

நீ பதில் எதிர்பார்க்கவில்லை என்று தெரியும். எழுதாமல் இருக்க ஏலவில்லை.

வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் துண்டு எழுதுகிற பிள்ளை வராததால் கவுண்டரில் நான் இருந்தேன். வரிசையில் உன்னைக் கண்டதும் குனிந்துகொண்டேன். உன் முறை வந்தது. நீ அண்ணை என்று கூப்பிடவில்லை. ஆரோ ஆளிடம் கேட்பதுபோல "ஒரு அர்ச்சனை" என்றாய். ஆருடைய பெயருக்கு என்றேன். "தாரகா, அனுஷம்." எழுதினேன். "மெலனி" என்றாய். மெதுவாகச் சொல்லவில்லை. உனக்குப் பின்னால் நின்றது நித்தியானந்தனின் மனைவி.

நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். கேட்டுப் பழகிய வாய். "செபமாலைமுத்துவின்ர மகள். வேதக்காரப் பிள்ளை. அவை நட்சத்திரம் பாக்கிறேல்லை" என்றாய்.

எங்கள் கவுண்டரின் ஒழுங்கு உனக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு, அதில் எத்தனை பேரையும் எழுதலாம். வேறு குடும்பம் என்றால் வேறு துண்டு. அந்த ஒழுங்கைப் போட்டவன் நான்தான். "ஒண்டோ ரெண்டோ?" என்று உன்னிடம் கேட்டேன். நீ காசை எடுத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். பின்னால் வரிசை நின்றது. அந்த இடத்தில் எனக்குப் பதிலாக முடிவு சொல்ல ஒருவரும் இல்லை.

தாரகாவின் பெயருக்குக் கீழே மெலனியின் பெயரை எழுதி, ஒரு துண்டைக் கிழித்துத் தந்தேன்.

ஐயர் இரண்டு பெயரையும் சேர்த்து மைக்கில் சொன்னார். நித்தியானந்தன் மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஆளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 

இரண்டு நாளாக யோசிக்கிறேன். சுவாமிக்கு முன்னால் இவை ஒரு குடும்பம் என்று என் கையால் எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு கவுன்சிலின் பலகைக்குப் பயந்து ஒளிக்கிறதென்றால், நான் சுவாமியைவிட நித்தியானந்தனுக்குத்தான் பயம் என்றல்லவோ ஆகும்.

பிரதாபனிடம் சொல், வேட்புமனுவைக் கொண்டு வரட்டும். இல்லை, அவன் வேண்டாம். தாரகா கொண்டு வரட்டும். மெலனியும் வரட்டும். பின்னேரம் வந்தால் நல்லது, கோழிக்கறி வைப்பேன். மெலனி உறைப்புச் சாப்பிடுவாளா என்று கேட்டு எழுது.

கூட்டத்தில் நான் பேசாமல் இருந்தது பிழை. அதை அவளிடம் நானே சொல்வேன். நீ சொல்லாதே.

அண்ணை

ஈஸ்ட் ஹாம்
12.4.2026

அன்புள்ள அண்ணைக்கு,

நான் வேணுமென்று வந்து உங்களை வரிசைக்கு முன்னாலை மாட்டினன் என்று நினைச்சிருப்பியள். சத்தியமாய் இல்லை, தாரகாவிட்டை வந்த இடத்திலைதான் கோயிலுக்கு வந்தனான். நீங்கள் கவுண்டரிலை இருக்கிறது தெரிஞ்சிருந்தால் காலைமைப் பூசைக்கே வந்து போயிருப்பன். சண்டை பிடிச்ச ஆளிட்டை வந்து ஆராவது துண்டு வாங்குவினமோ?

தாரகா எல்லாம் சொன்னாள். கண்ணாடி தேடினது, பிறகு அது தலையிலை இருந்தது, உங்கடை பேரை வோட்டர் பதிவிலை இருக்கிறபடியே எழுதவேணும் என்று நீங்கள் அவளுக்கே பாடம் எடுத்தது. மெலனிக்குக் கறி உறைச்சுக் கண்ணாலை தண்ணி ஓட, "நல்லாயிருக்கு அங்கிள்" என்று சாப்பிட்டாளாம். பாரிஸிலை வளர்ந்த பிள்ளை, பாவம். அடுத்தமுறை தூளைக் குறையுங்கோ. கூட்டத்தைப் பற்றி நீங்கள் என்ன சொன்னியள் என்று கேட்டன். "அது எனக்கும் அப்பாவுக்கும்" என்று சொல்லிப்போட்டாள். சரி, நானும் கேக்கேல்லை.

கவுன்சில் போட்ட பட்டியலைப் பார்த்தன். அவளின்ர பேருக்கு நேரே உங்கடை பேர். வாசிச்சுப்போட்டுச் சாமி அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தன். இவர் வந்து "என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ" என்று கேட்டார்.

நித்தியானந்தன் படத்தைக் குழுவிலை போட்டது தெரியும். அதுக்குக் கீழை நீங்கள் எழுதினதும் தெரியும். "ஓம், என் மகள்தான்." அதுக்குப் பிறகு குழுவிலை ஒருத்தரும் பின்னேரம் வரை ஒண்டும் போடேல்லையாம், நாள் பலன்கூட.

தாரகா உங்களிட்டைக் கேக்கக் கூச்சப்படுறாள். வாற சனிக்கிழமை அவளோடை நடக்க ஏலுமோ? எனக்கு முழங்கால் சரியில்லை. இது உண்மையான முழங்கால் நோ, பொய்ச்சாட்டில்லை.

உங்கடை,
நகுலா

ஹரோ
19.4.2026

அன்புள்ள நகுலா,

முழங்காலுக்கு எண்ணெய் பூசி, காலை நீட்டி வை. உன் பொய்ச்சாட்டை நான் நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நேற்று நடந்தோம். அவள் வேகமாக நடக்கிறாள், உனக்குத் தெரியுமா? இரண்டு தடவை நின்று, சப்பாத்துக் கயிறு கட்டுகிறமாதிரி எனக்காகக் காத்து நின்றாள். அந்தச் சப்பாத்துக்குக் கயிறே இல்லை. சில கதவுகள் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் எங்கள் முன்னாலேயே நோட்டீஸைக் கிழித்தார். அவள் அதற்கும் நன்றி சொன்னாள். நான் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

செல்வரத்தினத்தின் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள். போவோம் என்றேன்.

கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கனகண்ணை, நீங்களோ" என்றார்.

"இவளிட்டை நீங்கள் ஒரு கேள்வி கேட்டனீங்களாம். அவளிட்டை அதுக்குப் பதில் இல்லை. என்னட்டைத்தான் இருந்தது. கொண்டு வந்திருக்கிறன்" என்றேன்.

அவர் கதவுப்பிடியை விடவில்லை. "நீங்கள் வந்ததுக்காக வோட்டுப் போடுவன் எண்டு நான் சொல்லமாட்டன் அண்ணை."

"போடவேண்டாம். ஆனால் தகப்பன் கூட இல்லை எண்டு இனிச் சொல்ல ஏலாது. வேறை காரணம் தேடுங்கோ."

உள்ளே இருந்து அவரின் மனைவி, "ஆரப்பா அது, வாசலிலை வைச்சுக் கதைக்கிறியள்" என்று சத்தம் போட்டா. அவர் விலகி வழிவிட்டார். விட்டபடியே ரோட்டைப் பார்த்தார். மெலனி நோட்டீஸ் கட்டோடு கேற்றுக்கு வெளியே நின்றாள். ஆக்கள் கடுமையாகக் கதைக்கிற வீடுகளுக்கு அவள் உள்ளே வருவதில்லை, தன்னால் தாரகாவுக்கு வோட்டுக் குறையக்கூடாது என்று.

"கேற்றடியிலை நிக்கிறது ஆர்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

தாரகா வாயைத் திறந்தாள். நான் முந்திவிட்டேன்.

"என்ர மருமகள்."

சொல்லி முடிந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. தாரகா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேற்றுப் பக்கம் பார்த்து, "மெல், உள்ளை வா. அப்பா கூப்பிடுறார்" என்றாள்.

அன்புடன்,
அண்ணை